சவுண்ட்பாம்பிங் 2-ஆ, லிரிசிஸ்ட் லவுஞ்ச் 1-ஆ?

ராக்கஸ் ரெக்கார்ட்ஸ் என்ற நியூயார்க் கம்பெனி ஓராண்டு இடைவெளியில் இரண்டு ராப் தொகுப்புகளைக் கொண்டுவந்தது. 1998 மே மாதம் 'லிரிசிஸ்ட் லவுஞ்ச் வால்யூம் ஒன்', இரட்டை சிடி. 1999 மே மாதம் 'சவுண்ட்பாம்பிங் 2', ஒற்றை சிடி. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தமிழில் ராப் எழுதும் பிள்ளைகள் பழைய நியூயார்க் ராப்பைத் தேடிப் போகும்போது கடைசியில் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். எதை முதலில் கேட்பது, காசு கொடுத்து வாங்குவதென்றால் எதை வாங்குவது என்று கேட்டால் என் பதில் சவுண்ட்பாம்பிங் 2. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் லிரிசிஸ்ட் லவுஞ்சை ஒதுக்கிவிடவும் முடியாது. அதில் உள்ள நாலைந்து பாடல்கள் மற்றதில் உள்ள எதற்கும் சளைத்தவை அல்ல.

இரண்டும் ஒரே கம்பெனியின் சரக்கு, ஆட்களும் பாதிக்குப் பாதி ஒன்றுதான். மோஸ் டெஃப், டாலிப் குவெலி, பஹமாடியா என்ற மூன்று ராப்பர்களும் இரண்டிலும் இருக்கிறார்கள். அப்படியிருக்க வித்தியாசம் எங்கே வருகிறது? தொகுத்த விதத்தில். ராப் தொகுப்பு வாங்குபவர்கள் அட்டையில் எத்தனை பெரிய பெயர் இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது, எதை விட்டார்கள், எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார்கள், எங்கே வெட்டினார்கள் என்பதை.

முதலில் லிரிசிஸ்ட் லவுஞ்ச். 1991-ல் டேனி காஸ்ட்ரோ, ஆன்டனி மார்ஷல் என்ற இரண்டு இளைஞர்கள் நியூயார்க்கில் தொடங்கிய ஓபன் மைக் நிகழ்ச்சியின் பெயர் அது. கம்பெனி ஒப்பந்தம் எதுவும் கையில் இல்லாத ராப்பர் மேடையேறலாம். நன்றாகச் சொன்னால் கூட்டம் கத்தும், சொதப்பினால் அதே கூட்டம் இறக்கிவிடும். ஏழு வருடம் நடந்த அந்த மேடையின் வாசனையை சிடியில் அடைக்கும் முயற்சிதான் இந்தத் தொகுப்பு. நம் ஊரில் இதற்கு நெருக்கமானது கம்பன் விழாக் கவியரங்கம். சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடையில் தலைவர் ஒவ்வொரு கவிஞராக அழைப்பார், ஒருவர் கைதட்டலை அள்ளுவார், இன்னொருவர் நீட்டிக்கொண்டே போவார், நேரில் உட்கார்ந்திருக்கும்போது நீட்டலும் ஒரு சுவைதான். அதை அப்படியே ஒலிப்பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்டால் நீட்டல் மட்டும் பெரிதாகத் தெரியும். லிரிசிஸ்ட் லவுஞ்சின் பிரச்சினை இதுவே. இரண்டு தட்டு முழுக்க அறிமுகங்கள், நடுநடுவே பேச்சு, பாத்ரூமில் நின்று மாறி மாறிச் சொல்லும் சைஃபர், அப்புறம் ஒரு பெரிய பாட்டு, மறுபடியும் மூன்று அறிமுகங்கள். ஒரே தட்டுக்கு ஆகும் சரக்கை இரண்டு தட்டில் பரப்பியிருக்கிறார்கள்.

ஆனால் உச்சம் வரும் இடத்தில் உண்மையிலேயே உச்சம். 'பாடி ராக்' அதில் முதலிடம். மோஸ் டெஃப், 'எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்' குழுவின் க்யூ-டிப், லாஸ் ஏஞ்சலஸ் 'ஆல்கஹாலிக்ஸ்' குழுவின் டாஷ் மூவரும் ஷான் ஜே. பீரியட் போட்ட பீட்டின், அதாவது பின்னணித் தாள இசையின், மேல் நிற்கிறார்கள். மூன்று குரலும் மூன்று விதம். மோஸ் டெஃப் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து சொல்கிறார், டாஷ் முன்னால் தள்ளுகிறார், க்யூ-டிப் இரண்டுக்கும் நடுவில் மிதக்கிறார். ஒரே பீட்டில் மூன்று பேர் எப்படி இடம் பிடிக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இன்னொன்று 'சி.ஐ.ஏ.'. அந்த மூன்று எழுத்துக்கு 'கிரிமினல்ஸ் இன் ஆக்‌ஷன்' என்று விரிவு கொடுத்து அமெரிக்க உளவுத்துறையைச் சாடும் பாட்டு. பிராங்க்ஸிலிருந்து கேஆர்எஸ்-ஒன், 'ரேஜ் அகெயின்ஸ்ட் த மெஷின்' குழுவின் பாடகர் ஸாக் டி லா ரோச்சா, ஃபிலடெல்ஃபியாவின் லாஸ்ட் எம்பரர் மூவரும் சேர்ந்திருக்கிறார்கள். ராக் பாடகர் ராப் மேடைக்கு வந்தால் பெரும்பாலும் விருந்தாளியாகத் தெரிவார், இங்கே அப்படித் தெரியவில்லை. 'இண்டெலிபிள் எம்சிஸ்' என்ற பெயரில் 'கம்பெனி ஃப்ளோ' என்ற ராப் குழுவும் நண்பர்களும் சேர்ந்து செய்த 'வெயிட்' கனமான, இருட்டான பாட்டு. முதல் தடவை கேட்டால் ஒன்றும் பிடிபடாது. மூன்றாம் தடவையில் திறக்கும்.

லிரிசிஸ்ட் லவுஞ்ச் முந்துகிற இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. கவிதை சொல்லும் ஆட்களை ராப் தட்டுக்குள் கொண்டுவந்தது. சால் வில்லியம்ஸின் 'ஓம்', சாரா ஜோன்ஸின் 'பிளட்' இரண்டும் பாட்டே அல்ல, சொல்லப்படும் கவிதைகள். தமிழில் வாய்மொழியாகக் கவிதை சொல்லிப் பழகிய நமக்கு இவை அந்நியமாக இருக்காது. பெண் குரல்களும் இதில்தான் அதிகம்: பஹமாடியாவும் ரா டிக்காவும் சேர்ந்து 'பி ஓகே' செய்திருக்கிறார்கள். சவுண்ட்பாம்பிங் 2 இந்த விஷயத்தில் ஏழை. அதில் 'கேயாஸ்' பாட்டில் வரும் பஹமாடியா ஒருவர்தான் நினைவில் நிற்கும் பெண் குரல்.

இனி சவுண்ட்பாம்பிங் 2. இந்த வரிசையின் முதல் தட்டு 1997-ல் வந்தது, அதை மிக்ஸ் செய்தவர், அதாவது பாடல்களை இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று கோத்தவர், புரூக்ளினின் டிஜே ஈவில் டீ. இரண்டாம் தட்டை ராக்கஸ் நியூயார்க் ஆளிடம் கொடுக்காமல் கலிஃபோர்னியாவின் 'பீட் ஜங்கீஸ்' குழுவைச் சேர்ந்த டிஜே பாபு, ஜே ராக் இருவரிடமும் கொடுத்தது. அந்த முடிவுதான் இந்த ஆல்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது. கைத்திறனில் அன்று அமெரிக்காவின் முன்வரிசையில் இருந்தவர்கள் அவர்கள். நியூயார்க் பாடல்களை வெளியூர்க் காதால் கேட்டு அடுக்கியிருக்கிறார்கள். எந்தப் பாட்டும் சலிக்கும் வரை நீள்வதில்லை. ஒரு வெர்ஸ் (ஒருவர் சொல்லும் பத்தி) முடியும் இடத்தில் ஸ்க்ராட்ச் (தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்க்கும் ஒலி) நுழையும், அடுத்த பாட்டின் டிரம் அடியில் வந்து சேரும், நீங்கள் கவனிப்பதற்குள் ஆள் மாறியிருப்பார்.

இந்த ஒட்டுவேலை எவ்வளவு கடினம் என்று தெரிந்தால் தட்டின் மேல் மரியாதை கூடும். ஒரு பாட்டு நிமிடத்துக்கு 92 தாளத் தட்டு, அடுத்தது 96 என்று வையுங்கள். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கலக்க முதல் பாட்டின் இசைத்தட்டை 4.3 சதவீதம் வேகமாகச் சுழற்ற வேண்டும். டிஜேக்கள் பயன்படுத்திய டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிளில் வேகத்தை மேலே 8, கீழே 8 சதவீதம் வரை மாற்றலாம், ஆக இது கைக்கு எட்டுவதுதான். ஆனால் வேகம் கூடினால் சுருதியும் ஏறும். கிட்டத்தட்ட 6 சதவீதத்துக்கு அரை ஸ்வரம் ஏறிவிடும். 4.3 என்றால் முக்கால் பங்கு அரை ஸ்வரம், தெரிந்த குரல் சற்றுச் சன்னமாகும் அளவு. அதனால் நல்ல டிஜே பாட்டு முழுவதையும் வேகமாக்க மாட்டார். குரல் இல்லாத டிரம் பகுதியில் கலந்துவிட்டு, குரல் வருவதற்குள் பழைய வேகத்துக்கு இறக்குவார், அல்லது ஸ்க்ராட்ச் போட்டு மூடி ஒரே வெட்டாக வெட்டுவார். இந்த ஆல்பத்தில் வெட்டுதான் அதிகம், நீண்ட கலப்பு குறைவு. ராப்புக்கு அதுதான் பொருத்தம், ஏனென்றால் இரண்டு குரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் இரண்டு பேர் சொல்வதும் புரியாது.

பாடல்களில் முதலில் சொல்ல வேண்டியது ஃபாரோ மோன்ச். 'டபிள்யூ டபிள்யூ III' என்ற பாட்டில் ஷபாம் சதீக்குடன் வருகிறார், 'மேயர்' பாட்டில் தனியாக. 'மேயர்' நகர மேயரைக் குறிவைத்துக் கிளம்பும் ஒருவனின் கதை, குறும்படம் மாதிரி காட்சி காட்சியாக நகரும். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாவோடு வாழ்ந்தவர் இவ்வளவு நீண்ட மூச்சில் சொல்கிறார் என்பதே ஆச்சரியம். அதைவிட முக்கியம், அவர் வாக்கியத்தைத் தாளத்தின் நான்காம் தட்டில் முடிப்பதில்லை. வாக்கியம் அடுத்த பாருக்குள் (நான்கு தட்டு கொண்ட சுற்றுக்குள்) வழிந்து, நடுவில் எங்கோ முடியும், அடுத்தது அங்கேயே தொடங்கும். அதே ஆண்டு அக்டோபரில் வந்த அவருடைய தனி ஆல்பம் 'இன்டர்னல் அஃபேர்ஸ்' பிடித்தவர்களுக்கு அதன் விதை இங்கே கிடைக்கும்.

கம்பெனி ஃப்ளோவின் 'பேட்ரியாட்டிஸம்' இன்னொரு தூண். அந்தக் குழுவின் எல்-பி அமெரிக்க அரசின் வாயாக நின்று, அது செய்யும் கொடுமைகளை அதுவே பெருமையாகச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறார். சொற்கள் நெருக்கமாக, அழுக்கான பீட்டின் மேல் இடைவெளி இல்லாமல் விழுகின்றன. காமன், சடாட் எக்ஸ் சேர்ந்த '1-9-9-9' இதற்கு நேர் எதிர். ஹை-டெக் என்ற தயாரிப்பாளர் போட்ட பீட் லேசாக, காற்றோட்டமாக இருக்கிறது. சிகாகோக்காரர் காமனும் 'பிராண்ட் நூபியன்' குழுவின் சடாட் எக்ஸும் அவசரமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். 'பி-பாய் டாக்யுமென்ட் 99'-ல் ஃபிலடெல்ஃபியாவின் 'ஹை அண்ட் மைட்டி' இருவரும் மோஸ் டெஃபையும் வர்ஜினியாவின் மேட் ஸ்கில்ஸையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூட்டமாக ஏறி நிற்கும் பாட்டு, அதில் மோஸ் டெஃப் 'பாடி ராக்'கில் இருந்ததைவிடக் கூர்மை. டாலிப் குவெலியும் ஹை-டெக்கும் 'ரிஃப்ளெக்‌ஷன் இட்டர்னல்' என்ற பெயரில் 'ஆன் மிஷன்' செய்திருக்கிறார்கள். குவெலி சொற்களைத் திணிப்பவர். சிலருக்கு அது மூச்சுமுட்டும். எனக்கு இந்தப் பாட்டில் பிடித்திருக்கிறது. தர்ஸ்டின் ஹவல் III-இன் 'புரூக்ளின் ஹார்ட் ராக்' சுமைக்கு நடுவில் ஒரு இளைப்பாறல்.

எமினெமின் 'எனி மேன்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'ஸ்லிம் ஷேடி எல்பி' 1999 பிப்ரவரியில் வந்து அவர் உலகம் முழுக்கத் தெரிந்த பெயரான மூன்றே மாதத்தில் இந்தத் தொகுப்பு வந்தது. டா பீட்மைனர்ஸ் போட்ட பீட், பெரிய கம்பெனியின் பளபளப்பு எதுவும் இல்லாமல். பாட்டில் கதை கிடையாது, அடுக்கடுக்காகக் குத்துவரிகள்தான். ஒரே ஒலியை நான்கு, ஐந்து அசைக்கு இழுத்துச் செல்லும் எதுகை இதில் இருப்பதுபோல் அவருடைய பல ஹிட் பாடல்களிலும் இல்லை. ஆனால் பேச்சு மிகக் கெட்டது, பெண்களைப் பற்றிய வரிகள் மோசம். வீட்டில் ஆச்சி, அப்பச்சி இருக்கும் நேரத்தில் வளவில் சத்தமாகப் போடும் பாட்டு இது இல்லை. ஹெட்போனோடு வையுங்கள்.

எழுதுபவர்களுக்காக ஒரு கணக்கு. இந்த வகை பீட் பெரும்பாலும் நிமிடத்துக்கு 85-லிருந்து 95 தட்டுக்குள் ஓடும். 90 என்று வைத்தால் நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2.67 வினாடி, 16 பார் கொண்ட ஒரு வெர்ஸ் 43 வினாடிக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்தால் ஒரு பாருக்குள் 16 இடம், வினாடிக்கு 6 இடம். 12 அசை போட்டால் மீதி 4 இடம் மூச்சுக்கும் மௌனத்துக்கும். 16-ஐயும் நிரப்பினால் இரண்டு பாருக்குள் மூச்சு வாங்கும், மேடையில் மூன்றாவது வரியில் குரல் உள்ளே போய்விடும். 'பேட்ரியாட்டிஸம்' எவ்வளவு நிரப்புகிறது, '1-9-9-9' எவ்வளவு காலியாக விடுகிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டையும் கேட்டாலே மௌனத்தின் மதிப்பு தெரிந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடமும் இங்கேதான். தமிழ் வாக்கியம் வினையில் முடியும். வாரேன், தாரேன், பாரேன் என்று இயைபு சும்மா வந்து விழும். நான்கு வரி அப்படிப் போனால் கேட்பவர் ஐந்தாவது வரியின் கடைசிச் சொல்லை உங்களுக்கு முன்பே சொல்லிவிடுவார். ஃபாரோ மோன்ச் செய்வதைத் தமிழில் செய்ய ஒரு வழி உண்டு: வினையைப் பாரின் நடுவில், இரண்டாம் தட்டில் முடித்துவிட்டு, நான்காம் தட்டில் அடுத்த வாக்கியத்தின் பெயர்ச்சொல் வந்து நிற்கும்படி எழுதுவது. நம் மரபில் எதுகை வரியின் முதலில், இரண்டாம் எழுத்தில் வருவது. ஆங்கில ராப்பில் ஒலி ஒன்றுவது பெரும்பாலும் வரிக் கடைசியில். இரண்டையும் கலந்தால், அதாவது முந்தைய பாரின் கடைசிச் சொல்லும் அடுத்த பாரின் முதல் சொல்லும் எதுகையில் பிணைந்தால், தமிழுக்கே உரிய ஓட்டம் ஒன்று வரும். கண்ணதாசன் பிறந்த மண்ணில் இதை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை, தாளத்தில் உட்காரவைப்பதுதான் புதிது. லிரிசிஸ்ட் லவுஞ்ச் வந்த அதே காலத்தில் மலேசியாவில் யோகி பி 'போயட்டிக் அம்மோ' குழுவில் ராப் செய்துகொண்டிருந்தார், பின்னர் 'நட்சத்திரா' குழுவுடன் 2006-ல் 'வல்லவன்' ஆல்பம் கொண்டுவந்தார். இந்த இரண்டு தொகுப்புகளையும் கேட்டுவிட்டு 'வல்லவன்' கேட்டால் எந்தக் கிளையிலிருந்து எது ஒடிந்து வந்தது என்று காது தானாகவே கண்டுபிடிக்கும்.

கேட்கும் இடம் பற்றி. செட்டிநாட்டு வீடு ராப்புக்குக் கடினமான அறை. தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடி மாதிரி இழைத்த சுண்ணாம்புச் சாந்து, மேலே தேக்கு. ஒலியை உறிஞ்சும் பொருள் ஒன்றும் இல்லை. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், 10 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பி வர 58 மில்லி வினாடி ஆகும். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பீட்டில், மேலே சொன்ன 16 இடத்தில் ஒன்று 167 மில்லி வினாடிதான். ஆக ஒரு அசை முடிவதற்குள் அதன் எதிரொலி வந்து அதன் மேலேயே படிகிறது. எஸ், டி, கே போன்ற கூரான ஒலிகள் மழுங்கும். ராப்பில் தாளம் இருப்பதே அந்த ஒலிகளில்தான்.

சரிசெய்வது பெரிய செலவு இல்லை. ஸ்பீக்கரை முகப்பிலோ உள்அறையிலோ மூலையில் வைக்காதீர்கள், மூலையில் பேஸ் மட்டும் வீங்கும். முற்றம் திறந்திருக்கும் வளவில் தூணுக்குப் பக்கத்தில் வைத்தால் பாதி ஒலி வானத்துக்குப் போய்விடும், எதிரொலி குறையும். ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் ஒரு கனத்த ஜமுக்காளம் விரியுங்கள், எதிர்ச் சுவரில் இரண்டு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்குள் உட்காருங்கள், சத்தத்தை ஏற்றுவதைவிட நெருங்கி உட்காருவது எப்போதும் நல்லது. இந்த அறையில் சவுண்ட்பாம்பிங் 2 தாக்குப்பிடிக்கிறது, ஏனென்றால் டிரம் முன்னால் இருக்கிறது. லிரிசிஸ்ட் லவுஞ்சின் கவிதைப் பகுதிகள்தான் முதலில் அடிபடும். அவற்றை ஹெட்போனில் கேட்பதே சரி.

சவுண்டு சர்வீஸ்காரரிடம் இதைப் போடச் சொல்லும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழாய் ஸ்பீக்கரில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் உருப்படியாக வராது. கிக் டிரம்மின் உயிர் 50-லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குள். குரல் தெருக்கோடி வரை கேட்கும், பீட் காணாமல் போகும். பாக்ஸ் ஸ்பீக்கர் இருந்தால் மட்டும் போடச் சொல்லுங்கள்.

ஃபைல் விஷயத்தில் சவுண்ட்பாம்பிங் 2-க்குக் கூடுதல் கவனம் தேவை. மிக்ஸ் ஆல்பம் என்பதால் ஒரு டிராக்கின் கடைசியிலேயே அடுத்ததன் தொடக்கம் கலந்திருக்கும். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் வாலிலும் சில மில்லி வினாடி மௌனம் சேரும், சாதாரண பாட்டில் தெரியாது, இதில் ஒவ்வொரு இணைப்பிலும் தடுக்கும். சிடியிலிருந்து எடுப்பதானால் தட்டு முழுவதையும் ஒரே ஃபைலாக, தரம் குறையாத ஃபிளாக் வடிவில் எடுங்கள், அல்லது கேப்லெஸ் (டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் பாடுவது) ஆதரிக்கும் பிளேயரில் போடுங்கள். ஆப்பில் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு தானாகக் கலக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாபுவும் ஜே ராக்கும் போட்ட வெட்டின் மேல் மெஷின் தன் வெட்டைப் போடும். ஷஃபிளில் இதைக் கேட்கவே வேண்டாம். லிரிசிஸ்ட் லவுஞ்சுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, ஷஃபிளில்கூட நன்றாகவே ஓடும். அதுவே அது எவ்வளவு தளர்வாகக் கட்டப்பட்டது என்பதற்குச் சான்று.

காரில் கேட்பவர்களுக்கு: பழைய ஸ்டீரியோ பல, பெயர் வரிசையில் பாடாமல் பென்டிரைவில் எழுதிய வரிசையில் பாடும். பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்து, 01, 02 என்று எண்ணிட்டு, ஒவ்வொன்றாக வரிசையில் காப்பி செய்யுங்கள். மொத்தமாக இழுத்துப் போட்டால் வரிசை கலையும். 128 கேபிபிஎஸ் ஃபைல் வேண்டாம், ஹை-ஹேட் (டிரம் செட்டின் சிறிய தாளத் தகடு) தண்ணீருக்குள் அடிப்பதுபோல் சலசலக்கும். 320-ல் எடுத்தால் 74 நிமிடத் தட்டு ஏறத்தாழ 180 எம்பிதான் வரும். காரைக்குடியிலிருந்து மதுரை போய்ச் சேரும் நேரத்தில் சவுண்ட்பாம்பிங் 2-ஐத் தலையிலிருந்து வால் வரை கேட்டுவிடலாம், லிரிசிஸ்ட் லவுஞ்சின் இரண்டாம் தட்டு திரும்பி வரும்போதுதான் முடியும்.

வாங்குவது பற்றி. கிராமபோன் தட்டு வியாபாரம் காரைக்குடிக்குப் புதிதில்லை, ஏவி.எம். மெய்யப்பனே இங்கே குடும்பக் கடையில் தட்டு விற்றுத்தான் தொழில் தொடங்கினார். ஆனால் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய கிராமபோனைத் தேடலாம், இந்த ராப் சிடிகளை அங்கே தேடுவது வீண். பழைய சிடி இறக்குமதியாகத்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். லிரிசிஸ்ட் லவுஞ்சுக்கு இரண்டு தட்டும் இருக்கிறதா என்று படத்தில் உறுதிசெய்யுங்கள், ஒற்றைத் தட்டோடு விற்பவர்கள் உண்டு. தட்டை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை ஓட்டைகளாக வெளிச்சம் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால் அலுமினியப் பூச்சு உரிந்துவிட்டது, எந்தப் பாலிஷும் சரிசெய்யாது. அடிப்பக்கக் கீறல் பரவாயில்லை, வட்டத்துக்கு ஒட்டி ஓடும் நீளக் கீறல்தான் ஆபத்து, மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கீறலைப் பெரும்பாலான பிளேயர்கள் சமாளிக்கும். கெட்ட வார்த்தையை வெட்டிய 'க்ளீன்' பதிப்பா என்றும் பாருங்கள். அதில் எதுகைச் சொல்லே ஊமையாகிப்போகும், எமினெம் பாட்டில் பாதி இருக்காது.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் டிராக் பட்டியலைச் சிடியின் பின்னட்டைப் படத்தோடு ஒப்பிட வேண்டும். தொகுப்புகளில் ஒவ்வொரு பாட்டின் உரிமையும் வெவ்வேறு ஆளிடம் இருப்பதால் ஒன்றிரண்டு பாடாமல் சாம்பல் நிறத்தில் கிடப்பது சகஜம். தனிப்பாடல் ஆல்பத்தில் ஒன்று போனால் ஒன்று போனது. மிக்ஸ் ஆல்பத்தில் ஒன்று போனால் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு இணைப்பும் சேர்ந்து போகும். அப்படி ஓட்டை விழுந்த சவுண்ட்பாம்பிங் 2-ஐக் கேட்டுவிட்டு என் தீர்ப்பை எடைபோடாதீர்கள், முழுத் தட்டைக் கேளுங்கள்.

லிரிசிஸ்ட் லவுஞ்சை எப்படிக் கேட்பது என்றால், அறிமுகங்களையும் பேச்சுகளையும் எடுத்துவிட்டு நீங்களே ஒரு சின்னத் தட்டு கட்டிக்கொள்ளுங்கள். 'பாடி ராக்'கில் தொடங்கி, டாலிப் குவெலியின் 'மேனிஃபெஸ்டோ', அப்புறம் 'பி ஓகே', 'சி.ஐ.ஏ.', 'வெயிட்', கடைசியில் 'பிளட்', 'ஓம்'. 'வெயிட்'டை 'பாடி ராக்'குக்கு அடுத்து வைக்க வேண்டாம், வெளிச்சத்திலிருந்து நேராகக் கிணற்றில் இறங்குவதுபோல் காது தடுமாறும். இடையில் இரண்டு பாட்டாவது இருக்கட்டும். கவிதை இரண்டையும் சேர்த்தே வையுங்கள், பிரித்து வைத்தால் பீட் பாடல்களுக்கு நடுவில் இரண்டுமே எடுபடாது. ராக்கஸ் இதை இப்படி ஒரே தட்டாக வெட்டிக் கொடுத்திருந்தால் இந்தப் போட்டி நெருக்கமாக இருந்திருக்கும்.